துகளின் இடமும் பொருளின் வலிமையும்

(திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் கல்லூரி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரை)

கிழக்கேகோட்டை வாயிலை அடுத்துள்ள சாலைக் கம்போளம் ஒரு பழைய கடைத்தெரு. அங்கே கயிற்றுச் சுருள்களும், ரப்பர்க் குழாய்களும், பிளாஸ்டிக் குடங்களும், வண்ணப்பூச்சு டின்களும் அடுத்தடுத்த கடைகளில் விற்பனையாகின்றன. இவற்றுக்கான மூலப்பொருள்கள் பலவும் இந்நகரைச் சுற்றியே கிடைக்கின்றன. வடக்கே தோன்னக்கல்லில் சீனக்களிமண் வெட்டியெடுக்கப்பட்டு வந்துள்ளது. வேளியில் அது தூய்மையாக்கப்பட்டு வந்துள்ளது. கொச்சுவேளியில் 1946இல் நிறுவப்பட்ட திருவாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை, கடற்கரைக் கருமணலின் இல்மனைட்டிலிருந்து வெண்ணிறமி செய்யும் பொருட்டு ஏற்பட்டது. தென்னை நாரும் ரப்பர்ப் பாலும் இம்மாநிலத்தின் ஊர்தோறும் உள்ளவை. தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் பாப்பனங்கோட்டில், இப்பொருள்களை ஆராயும் தேசிய ஆய்வுக்கூடம் ஒன்று இயங்கி வருகிறது.

களிமண், மணல், நார், ரப்பர்ப் பால் ஆகிய நான்கையும் ஒன்றிணைக்கும் அறிவியல் துறை ஒன்று கடந்த நாற்பது ஆண்டுகளில் வளர்ந்துள்ளது. மிகச் சிறிய துகள்களைக் கொண்டு பாலிமர் கூட்டுப்பொருள்களின் உள்ளமைப்பை நெறிப்படுத்துவதே அத்துறையின் பணி. ஒரு பொருளில் எதைச் சேர்க்கிறோம் என்பதைக் காட்டிலும், சேர்த்தது எங்கே போய் நிற்கிறது என்பதே அதன் வலிமையை முடிவு செய்கிறது என்பது இத்துறை கற்பிக்கும் முதற்பாடம்.

கூட்டுப்பொருள் என்பது யாது?

ஒன்றுக்கொன்று வேறான இரு பொருள்களைச் சேர்த்து, தனித்தனியே எதற்கும் இல்லாத ஒரு பண்பைப் பெறுவதே கூட்டுப்பொருள். வைக்கோல் கலந்த மண்சுவரும், கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்தும் நம் முன்னோர் அறிந்த கூட்டுப்பொருள்களே. பாலிமர் எனப்படுவது சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் ஆயிரக்கணக்கில் கோத்து அமைந்த பொருள். ரப்பர், நைலான், பாலித்தீன் ஆகியவை பாலிமர்கள். பருத்தியிலும் தென்னை நாரிலும் உள்ள செல்லுலோஸும் பாலிமரே. பாலிமரை அடிப்பொருளாகக் கொண்டு, அதனுள் நாரோ தூளோ சேர்த்தால் பாலிமர் கூட்டுப்பொருள் கிடைக்கிறது.

திருவனந்தபுரத்துக்கு இது புதிய செய்தியன்று. 1963 நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. பின்னர் அங்கு வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், ரப்பர் போன்ற பாலிமர் ஒன்றில் ஆக்சிஜன் தரும் உப்பையும் அலுமினியத் தூளையும் பிணைத்துத் திண்ம எரிபொருள் செய்யும் நுட்பத்தை வளர்த்தது. அந்த எரிபொருளின் எடையில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் துகள்களே. பாலிமர் அவற்றைப் பிணைக்கும் பசை. நானோ துகள் கூட்டுப்பொருளிலோ நிலைமை தலைகீழாகிறது. நூற்றுக்கு நான்கோ ஐந்தோ பங்கு துகளே முழுப்பொருளின் போக்கையும் மாற்றிவிடுகிறது. இது எவ்வாறு இயலும்?

பதினைந்து சென்ட் பரப்பு

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் பருமன் ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் நானோமீட்டர் வரை இருக்கும். நூறு நானோமீட்டருக்கு உட்பட்ட துகள்களையே நானோ துகள்கள் என்கிறோம்.

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர். அதே கட்டியைப் பத்து நானோமீட்டர் பக்கமுள்ள கட்டிகளாக வெட்டிவிட்டால், எடை மாறாது. மேற்பரப்பு மட்டும் 600 சதுர மீட்டராகப் பெருகிவிடும். நில அளவையில் கூறினால், ஏறத்தாழ பதினைந்து சென்ட். கைவிரல் நுனியில் அடங்கும் பொருள், ஒரு வீட்டுமனை அளவுக்கு விரிகிறது. இத்தனை பரப்பிலும் பாலிமர்ச் சங்கிலிகள் துகளைத் தொட்டு நிற்கின்றன. தொடும் இடத்தில் சங்கிலியின் அசைவு கட்டுப்படுகிறது. ஒரு பக்கம் விழும் சுமை மறுபக்கத்துக்குக் கடத்தப்படுகிறது. சிறு அளவுத் துகளின் பெரும் ஆற்றலுக்குக் காரணம் இதுவே.

ஆனால் இக்கணக்கில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. துகள்கள் தனித்தனியே நிற்க வேண்டும். கொதிக்கும் நீரில் மாவை மொத்தமாகக் கொட்டினால் கஞ்சி கட்டி தட்டிவிடுகிறது. கட்டியின் நடுவில் உலர்ந்த மாவு அப்படியே இருக்கிறது. நானோ துகள்களும் அவ்வாறே. பரப்பு மிகுந்த துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்துத் திரளும் இயல்பின. திரண்டுவிட்டால் பதினைந்து சென்ட் பரப்பு வீணாகும். அதோடு அத்திரளே பொருளில் விரிசல் தொடங்கும் இடமாகவும் ஆகிவிடும். ஆகவே அதிகம் சேர்த்தால் அதிக வலிமை என்ற கணக்கு இங்கே செல்லாது. பல பாலிமர்களில் சில விழுக்காட்டைத் தாண்டியதும் பயன் குறையத் தொடங்குகிறது.

நைலானும் களிமண்ணும்

துகளைப் பிரித்து நிறுத்தும் கலையில் உலகின் கவனத்தை ஈர்த்த முதற்பெரும் வெற்றி ஜப்பானில் கிட்டியது. டொயோட்டா நிறுவனத்தின் மைய ஆய்வுக்கூடத்தினர் 1980களில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண்ணை எடுத்துக்கொண்டனர். இது சீட்டுக்கட்டுப் போன்ற அமைப்புடையது. ஒவ்வொரு தகடும் ஒரு நானோமீட்டர் பருமனே. நீள அகலமோ நூற்றுக்கணக்கான நானோமீட்டர். தகடுகளுக்கிடையே சோடியம் அயனிகள் உள்ளன.

களிமண் நீரை நாடுவது; பிளாஸ்டிக்குகள் பெரும்பாலும் எண்ணெயின் இயல்பை ஒத்தவை. எனவே அவ்வாய்வாளர்கள் சோடியம் அயனிகளை அகற்றி, ஒரு முனையில் களிமண்ணையும் மறு முனையில் பாலிமரையும் பற்றவல்ல கரிம அயனிகளை அங்கே புகுத்தினர். தகடுகளின் இடைவெளி விரிந்தது. அவ்விடைவெளிக்குள் நைலானின் மூலப்பொருளைச் செலுத்தி, அங்கேயே அதைச் சங்கிலியாக வளரச் செய்தனர். வளரும் சங்கிலிகள் தகடுகளை நெட்டித் தள்ள, சீட்டுக்கட்டு தனித்தனிச் சீட்டாகக் கலைந்து பாலிமர் முழுதும் பரவியது.

1993இல் வெளியான அவர்களது முடிவுகள் வியப்பளித்தன. நான்கு விழுக்காட்டைச் சற்றே தாண்டிய களிமண்ணால், நைலான்–6இன் இழுவலிமை 69 மெகாபாஸ்கலிலிருந்து 107 ஆயிற்று. விறைப்பு 1.1 கிகாபாஸ்கலிலிருந்து 2.1 ஆயிற்று. சுமையின்கீழ் உருக்குலையும் வெப்பநிலை 65 டிகிரி செல்சியஸிலிருந்து 145 டிகிரிக்கு உயர்ந்தது. காரின் எஞ்சினுக்கு அருகே வைக்க இயலாதிருந்த பிளாஸ்டிக், எஞ்சின் உறையாகவே பயன்படலாயிற்று. இதே களிமண்ணைப் பிரிக்காமல் வெறும் தூளாகக் கலந்திருந்தால் இப்பயன் கிட்டியிராது.

தகடுகள் பரவிய பிளாஸ்டிக்குக்கு மற்றொரு பண்பும் உண்டு. காற்றோ ஈரமோ அதன் வழியே புக வேண்டுமாயின், குறுக்கே கிடக்கும் ஒவ்வொரு தகட்டையும் சுற்றிச் செல்ல வேண்டும். நேர்வழி வளைவழியாகிறது, கசிவு குறைகிறது. உணவுப்பொருளைப் பொதியும் தாள்களுக்கும் டயரின் உட்குழாய்க்கும் இப்பண்பு பெரிதும் பயன்படும்.

எல்லையில் நிற்கும் துகள்கள்

துகளை எங்கும் பரப்புவது ஒரு முறை. ஓரிடத்தில் நிறுத்துவது மற்றொரு முறை. இரண்டாம் முறையே இன்று ஆய்வாளர்களை மிகுதியும் ஈர்த்துள்ளது.

பாலிமர்களில் பெரும்பாலானவை ஒன்றோடொன்று கலவாதவை. எண்ணெயும் நீரும்போல, ஒன்றினுள் மற்றொன்று துளித்துளியாக நிற்கும். உருகிய நிலையில் சிறு துளிகள் கூடிப் பெருந்துளிகளாகும். துளி பெருத்தால் பொருள் எளிதில் பிளக்கும். இரு பாலிமர்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் விரும்பும் துகள்களைச் சேர்த்தால், அவை உள்ளேயும் போகாமல் வெளியேயும் போகாமல் எல்லைக்கோட்டிலேயே நின்றுவிடுகின்றன. துளியைச் சுற்றி அவை அமைக்கும் வேலி, துளிகள் ஒன்றுசேர்வதைத் தடுக்கிறது. எண்ணெய்–நீர்க் கலவையைத் திண்மத் துகள்கள் நிலைநிறுத்தும் என்பதை 1903இல் ராம்ஸ்டனும் 1907இல் பிக்கரிங்கும் எடுத்துரைத்தனர். அதே கோட்பாடு இன்று பாலிமர்களுக்கும் வழிகாட்டுகிறது.

மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்டிக் செய்வதிலும் இவ்வுத்தி உதவுகிறது. பரந்த மைதானத்தில் நூறு காவலர்கள் சிதறி நின்றால் ஒருவர் கை மற்றொருவருக்கு எட்டாது. அதே நூறு பேரும் ஒரு வரப்பின்மேல் வரிசையாக நின்றால் கைகோத்துவிடலாம். கார்பன் துகள்களை இரு பாலிமர்களின் எல்லையில் மட்டும் நிறுத்தினால், மிகக் குறைந்த அளவிலேயே அவை தொடராகி மின்சாரத்தைக் கடத்துகின்றன. துகளின் மேற்பரப்பு எப்பாலிமரை எவ்வளவு விரும்புகிறது, எந்த வரிசையில் கலக்கப்படுகிறது, உருகிய பாலிமர் எத்துணைக் குழம்பாக உள்ளது ஆகியவற்றைப் பொறுத்தே துகளின் இடம் அமைகிறது. இவற்றை மாற்றி அமைப்பதன் மூலம் உள்ளமைப்பை வேண்டியவாறு வகுக்க முடியும்.

ரப்பரின் பழைய பாடம்

நானோ என்னும் சொல் பரவுவதற்கு வெகுகாலம் முன்பே ரப்பர்த் தொழில் நானோ துகளைக் கையாண்டது. தொடக்ககால டயர்கள், துத்தநாக ஆக்ஸைடு சேர்த்தமையால் வெளிர்நிறமாக இருந்தன. 1904ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் கார்பன் கரி ரப்பருக்கு வலுவூட்டும் என்பது அறியப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் டயர்கள் கறுப்பாயின. அவற்றின் ஆயுள் பன்மடங்காகியது. பல்பத்து நானோமீட்டர் அளவுள்ள அக்கரித்துகள்களே இன்றும் டயரைத் தாங்கி நிற்கின்றன. சாலையில் உருளும்போது வீணாகும் ஆற்றலைக் குறைக்க, 1990களில் சிலிக்கா துகள்களும் வந்து சேர்ந்தன. ரப்பரோடு ஒட்டாத சிலிக்காவை ஒட்டவைக்க, இரு முனையிலும் பற்றும் இணைப்பு மூலக்கூறுகள் தேவைப்பட்டன. இங்கும் வெற்றி எல்லையில்தான் நிர்ணயமாயிற்று.

நாட்டின் இயற்கை ரப்பரில் மிகப் பெரும் பங்கைத் தருவது கேரளம். அதில் பெரும்பகுதி சிறு விவசாயிகளின் தோட்டங்களிலிருந்து வருவது. அண்டையிலுள்ள கன்னியாகுமரி மாவட்டமும் இத்தொழிலில் பழமையுடையது. ரப்பர்ப் பாலுக்கு இத்துறையில் ஒரு தனி வாய்ப்பு உண்டு. பால் என்பதே நீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர்த் துளிகளின் பரவல். சோடியம் களிமண்ணும் நீரில் தானே உப்பித் தகடு தகடாகப் பிரியும். இரண்டும் எதிர்மின்னேற்றம் உடையவை. ஆதலால் ஒன்றையொன்று விலக்கி, கட்டி தட்டாமல் கலந்து நிற்கும். விலை மிகுந்த கரிம அயனிச் செயல்முறை இங்கே தேவைப்படாது. கோட்டயத்தில் 1955 முதல் இயங்கும் இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஆய்வாளர், ஜெர்மனியில் பணியாற்றிய ஆய்வாளருடன் இணைந்து 2003இல் இவ்வழியை ஆராய்ந்து வெளியிட்டார். பால் உலரும்போது களிமண் தகடுகள் ரப்பர்த் துளிகளின் எல்லைகளில் ஒதுங்கி, எலும்புக்கூடு போன்றதொரு சட்டகத்தை அமைப்பது தெரியவந்தது. தூள் பறக்காத ஈரவழி என்பது இம்முறையின் மற்றொரு நன்மை.

நாரும் களிமண்ணும்: உள்ளூர்ப் பணி

பாப்பனங்கோட்டு ஆய்வுக்கூடம் 1975இல் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் வளாகமாகத் தொடங்கியது. 1978இல் வட்டார ஆராய்ச்சிக்கூடம் என்றும், 2007இல் தேசிய பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் என்றும் பெயர் பெற்றது. நானோ என்ற சொல் புழங்காத 1983லேயே இங்குள்ளோர் தென்னை நார்–பாலியஸ்டர் கூட்டுப்பொருளைப் பற்றி ஆய்வு வெளியிட்டனர். நாரின் மேலுள்ள மெழுகுப் பூச்சு பாலியஸ்டரை ஒட்டவிடாது. 5 விழுக்காடு காரக் கரைசலில் ஏறத்தாழ மூன்று நாள் ஊறிய நாரின் இழுவலிமை சுமார் 15 விழுக்காடு உயர்ந்தது. ஒட்டும் திறனும் மேம்பட்டது. அதற்கு மேலும் ஊறவிட்டால் வலிமை குறைந்தது. பொருளின் தலைவிதி மேற்பரப்பில் எழுதப்படுகிறது என்னும் உண்மையை அவ்வாய்வு தென்னை நாரிலேயே காட்டியது.

அந்நாரையே மேலும் பிரித்தால், சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை பருமனுள்ள செல்லுலோஸ் நுண்ணிழைகள் கிடைக்கின்றன. வாழைநார், அன்னாசி இலை, தென்னை நார் ஆகியவற்றிலிருந்து இவற்றைப் பிரித்தெடுக்கும் ஆய்வுகளில் கோட்டயம் மகாத்மா காந்திப் பல்கலைக்கழகம் பெயர்பெற்றது. கழிவென்று ஒதுக்கப்படும் பொருளிலிருந்தே வலுவூட்டும் துகளைப் பெறலாம் என்பது இதன் சிறப்பு.

களிமண்ணைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை தேவை. இங்குக் கிடைக்கும் சீனக்களிமண், ஜப்பானியர் கையாண்ட மாண்ட்மோரில்லோனைட் அன்று. இதன் தகடுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றோடொன்று இறுகப் பற்றியுள்ளன, நீரில் உப்புவதில்லை. யூரியா போன்ற சிறு மூலக்கூறுகளை முதலில் ஆப்புப்போல் புகுத்திய பின்னரே வேறு மூலக்கூறுகளுக்கு வழி கிடைக்கும். எளிதில் உப்பும் பென்டோனைட் களிமண்ணோ குஜராத்திலும் ராஜஸ்தானிலும் கிடைப்பது. பிற நாட்டுச் செய்முறையை அப்படியே பெயர்த்து நட்டால் பயன் தராது. நம் மண்ணுக்குரிய வழியை நம் ஆய்வுக்கூடங்களே வகுக்க வேண்டும்.

அலுவலர்கள் கருத வேண்டியவை

நடுவண் அரசு 2001இல் நானோ அறிவியலுக்கெனத் தனி முனைப்பைத் தொடங்கியது. 2007இல் ஐந்தாண்டுகளுக்கு ஆயிரம் கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் நானோ மிஷன் ஏற்பட்டது. ஆய்வறிஞர்களும் கருவிகளும் பெருகினர், ஆய்வுக்கட்டுரைகளும் பெருகின. கட்டுரையிலிருந்து தொழிற்கூடத்துக்குச் செல்லும் பாதையே இன்னும் குறுகியதாக உள்ளது. ஆய்வுக்கூடத்தில் ஒரு குவளையில் துகளைப் பரப்புவது எளிது; ஆலையில் ஒரு டன் கலவையில் பரப்புவது கடினம். இவ்விடைவெளியைக் கடக்க, சிறு தொழில்முனைவோர் பயன்படுத்தத்தக்க பொதுக் கலவை எந்திரங்களும் சோதனை நிலையங்களும் தொழிற்பேட்டைகளில் தேவை.

சந்தையில் நானோ என்னும் பெயர் விளம்பரச் சொல்லாகவும் ஆகிவிட்டது. அரசுக்குப் பொருள் வாங்கும் அலுவலர் மூன்று வினாக்களைத் தவறாது எழுப்பலாம். சேர்க்கப்பட்ட துகள் எது, எவ்வளவு? அது பிரிந்து பரவியுள்ளது என்பதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி அல்லது எக்ஸ்–கதிர்ச் சான்று உண்டா? அதே பொருள் துகளின்றிச் செய்யப்பட்டபோது கிடைத்த அளவீடுகள் யாவை? இவற்றுக்கு விடையில்லாத பொருளுக்குக் கூடுதல் விலை தருவது பொதுப்பணத்தை வீணாக்குவதாகும்.

தொழிலாளர் நலனும் கருதத்தக்கது. பாலிமரினுள் பிணைந்த துகளால் தீங்கு குறைவு. உலர்தூளைக் கொட்டும்போதும், பொருளை அறுத்துத் தேய்க்கும்போதும், கழிவை எரிக்கும்போதும் மூச்சோடு உட்செல்லும் தூளே அஞ்சத்தக்கது. கார்பன் கரியையும் டைட்டானியம் டை ஆக்ஸைடையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கக்கூடியவையாக இருக்கலாம் என்னும் வகையில் உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்துள்ளது. இக்கணிப்புக்கு உள்ளிழுக்கும் தூளே அடிப்படை. தூள் உறிஞ்சும் சாதனமும், முகக்கவசமும், மூடிய கலவை எந்திரமும் தொழிற்சாலைக்கு ஆடம்பரங்களல்ல.

கேரளம் 2020 சனவரி முதலும், நாடு முழுவதும் 2022 சூலை முதலும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை விதிக்கப்பட்டது. மாற்றாக வரும் மக்கும் பாலிமர்களில் பலவும் ஈரத்தையும் காற்றையும் போதிய அளவு தடுப்பதில்லை, வெப்பத்தையும் தாங்குவதில்லை. இக்குறையை நீக்கக் களிமண் தகடுகளும் செல்லுலோஸ் நுண்ணிழைகளும் ஏற்றவை. மக்கும் பொருளில் மக்கும் துகளையோ, மண்ணிலிருந்து வந்த துகளையோ சேர்ப்பது இயற்கையோடு இயைந்த வழியுமாகும்.

மணல் சொல்லும் செய்தி

1909ஆம் ஆண்டில் ஷாம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், திருவாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் என்னும் அரிய கனிமம் இருப்பதைக் கண்டார். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மதிப்பு அதன் பின்னரே உலகுக்குத் தெரியவந்தது. கயிற்றைத் திரித்தவர் கைகளில் நாள்தோறும் ஒட்டிய துகள் அது. அதை ஆராயும் கருவியும் கல்வியும் அன்று இங்கே இல்லாமையால் அதன் விலையை வேறொருவர் கூற வேண்டியதாயிற்று.

இன்று அந்நிலை இல்லை. ஆய்வுக்கூடமும், நுண்ணோக்கியும், பயின்ற இளைஞர்களும் இந்நகரிலேயே உள்ளனர். களிமண்ணை டன் கணக்கிலும், ரப்பரைக் கிலோ கணக்கிலும், நாரைக் கட்டுக் கணக்கிலும் விற்பதோடு நின்றுவிட்டால், உலகச் சந்தையில் விலை சரியும் ஒவ்வொரு முறையும் தோட்டக்காரரும் கயிற்றுத் தொழிலாளியுமே அந்த இழப்பைச் சுமக்க நேரும். அப்பொருள்களின் உள்ளமைப்பை அறிந்து, துகளை உரிய இடத்தில் நிறுத்தக் கற்றுக்கொண்டால், அதே எடைக்குப் பன்மடங்கு மதிப்பு சேரும். வேதியியலும் இயற்பியலும் பயிலும் மாணவர்கள் தம் ஆய்வுப் பொருளைத் தம் ஊர் மண்ணிலும் மரத்திலும் தேட வேண்டும்; அவ்வாய்வு தொழிலாக மாறும் வழியில் உள்ள தடைகளை அலுவலர்கள் அகற்ற வேண்டும். இவ்விரு பணிகளும் ஒருங்கே நடைபெறும்போதுதான் ஆய்வுக்கூடத்தின் அறிவு கடைத்தெருவில் உழைப்பவரின் வருவாயாகும்.